மதம் மாற்றத்தானே வந்தார்கள்?

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் ஒரு கருத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் முஸ்லிம்கள் அதைச் சொல்கிறார்கள். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் சைவர்கள் சொல்கிறார்கள். அம்பாறை நகரத்துப் பௌத்தர்கள் அதையே சிங்களத்தில் சொல்கிறார்கள். காணி, நிருவாக எல்லை, பிரதேச செயலகம் என்று எத்தனையோ விடயங்களில் முரண்பட்டு நிற்கும் சமூகங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன: வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், சும்மா எதையும் கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டியதும், நோயாளியைப் பார்த்ததும், சுனாமிக்குப் பின் நிவாரணம் கொடுத்ததும் ஆள் சேர்க்கத்தான். அன்பு வெளிப்பூச்சு, மதமாற்றமே உள்நோக்கம்.

இதை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. இந்தச் சந்தேகத்துக்கு நானூறு ஆண்டு வயது. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 1626 ஆம் ஆண்டின் அந்த நினைவு இந்தக் கரையின் முஸ்லிம் வரலாற்று நூல்கள் பலவற்றில் இருக்கிறது. சிலுவையோடு வந்தவன் வாளோடும் வந்தான் என்பது இவர்களுக்குக் கதையாகச் சொல்லப்பட்டதல்ல, பட்டறிந்தது. பின்னால் வந்த ஒல்லாந்தர் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே உத்தியோகம் என்றார்கள். திருமணமும் பிறப்பும் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. பதிவு வேண்டுமானால் தேவாலயப் படி ஏற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்ற கணக்குக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்ற கணக்கும் இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொதியோடு பிரசுரத்தையும் ஜெபக்கூட்ட அழைப்பையும் சேர்த்துக் கொடுத்த வெளிநாட்டுக் குழுக்கள் இலங்கைக்கு வந்ததும் பத்திரிகைகளில் பதிவான செய்திதான்.

இவற்றுக்கு மேல் நுட்பமான ஒரு வாதமும் உண்டு. கிறிஸ்தவன் தானே ஒப்புக்கொள்கிறான், இதையெல்லாம் இயேசுவுக்காகச் செய்கிறேன் என்று. அப்படியானால் எதிரே நிற்கும் ஏழை அவனுக்கு யார்? கடவுளிடம் நல்ல பெயர் வாங்க ஒரு வழி. ஆளைச் சபையில் சேர்க்காவிட்டாலும் தனக்குப் பரலோகத்தில் இடம் சேர்த்துக்கொள்கிறான். எப்படிப் பார்த்தாலும் அது அன்பு அல்ல, வியாபாரம்.

எதிர்த்தரப்பின் வாதம் முழுவதும் இதுதான். இதில் வரும் தகவல்கள் பெரும்பாலும் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு.

1. பலன் எங்கே?

இரண்டு நூற்றாண்டுச் சேவைக்கு மதமாற்றம்தான் ஒரே நோக்கம் என்றால், இந்தக் கரையில் அதைப்போல் தோற்ற முயற்சி வேறு இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் பௌத்தர்கள், 16 பேர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். அந்தக் கிறிஸ்தவர்களிலும் பலர் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்களாக இருந்து வரும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

தோற்றுப்போன தூண்டிலும் தூண்டில்தானே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் மீன் படாத இடத்தில் தலைமுறைக்கணக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்றால், அவன் மீனுக்காகத்தான் நிற்கிறானா என்றும் கேட்க வேண்டும். 1814 ஜூன் இறுதியில் காலியில் வந்திறங்கிய வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிகளில் வில்லியம் ஓல்ட் ஒருவர். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். தனி ஆளாக மட்டக்களப்புக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இறந்துபோனார். மட்டக்களப்பில் அவர் இருந்தது சுமார் எட்டு மாதம். ஆதாயக் கணக்குப் பார்ப்பவர்கள் அத்தோடு கடையைக் கட்டியிருப்பார்கள். அவருக்குப் பின் வேறு ஆட்கள் வந்தார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் அந்த 1814 ஐத்தான் தன் தொடக்கமாகச் சொல்கிறது.

கல்முனைக்கே வரலாம். 1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தான். பிறகு கத்தோலிக்கரின் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தான். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்துக் கற்பித்த பிள்ளை அவன். அவனைத்தான் நாம் சுவாமி விபுலாநந்தர் என்கிறோம். 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு, கிழக்கில் சைவப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளை வளர்த்து, ‘யாழ் நூல்’ தந்தவர். வடக்கில் ஆறுமுக நாவலர் கதையும் இதுவே. மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவலிடம் பயின்று, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்று, அதே அறிவை ஆயுதமாக்கி 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளி கொடுத்த கல்விக்கு மதம் விலையாக வைக்கப்பட்டிருந்தால், மிகச் சிறந்த இந்த இரண்டு மாணவர்களும் அந்த விலையைக் கொடுக்காமலே வெளியே வந்திருக்கிறார்கள்.

2. ஒல்லாந்தர் உதாரணம் யாருக்குச் சாட்சி சொல்கிறது?

உத்தியோகத்துக்கும் பதிவுக்கும் ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்கிய ஆட்சியைக் காட்டி, இதோ பாருங்கள் கிறிஸ்தவச் சேவை என்கிறார்கள். அங்கே சேவை எது? அது அரச கட்டளை. அதன் முடிவு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஆங்கிலேயர் வந்து நிபந்தனை தளர்ந்ததும், ஏட்டில் இலட்சக்கணக்கில் இருந்த புரட்டஸ்தாந்தர் தொகை சில ஆண்டுகளுக்குள்ளேயே பாதிக்குக் கீழே சரிந்தது. கோயிலுக்குப் போக வேண்டியவர்கள் கோயிலுக்கே திரும்பிப் போனார்கள். ஆதாயத்துக்காக வந்தவன் ஆதாயம் நின்றதும் போய்விடுவான் என்பதற்கு இலங்கை வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அப்படியானால் போகாமல் நின்றவர்களை எதைக்கொண்டு விளக்குவது? 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் மறு ஆண்டில் வந்த சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. கல்முனையில் உவெஸ்லி, கார்மேல் பற்றிமா என்று பெயர்ப்பலகையில் இன்றும் நிற்கும் பாடசாலைகள் அரச பாடசாலைகள். ஆசிரியர் நியமனம் அரசினுடையது, சம்பளமும் அரசினுடையது. இடம் கொடுப்பதோ வேலை கொடுப்பதோ திருச்சபையின் கையில் இல்லை. ஆள் சேர்க்க உதவும் என்று சொல்லப்பட்ட மிகப் பெரிய சாதனம் ஒரே வீச்சில் போயிற்று. சேவை ஒரு கருவி மட்டுமே என்றால் அன்றைக்கே பாதர்மாரும் சிஸ்டர்மாரும் மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

கட்டவில்லை. 1948 இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து கிழக்கிலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அவர்களில் ஒருவர். மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். பின்னாளில் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தை நடத்தினார். தமிழ்ப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் அங்கே ஒன்றாகத் தொழில் பழகினார்கள். 1990 ஆகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. பதிலுக்குத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தெருவில் இறங்க எவனும் அஞ்சிய அந்த நாட்களில், 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஏறாவூர்ப் பக்கத்தில் ஹீபர்ட்டும் அவரோடு சென்ற தமிழ் இளைஞரும் காணாமல் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்த, அறுபது வயதைத் தாண்டிய மனிதர். ஊருக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வாரத்தில் அந்த வீதியில் யாரை மதம் மாற்ற அவர் போனார்?

3. விரும்புவது வேறு, விலை வைப்பது வேறு.

மிஷனரிகள் மதமாற்றத்தை விரும்பினார்களா? விரும்பினார்கள். அதை மறைத்ததும் இல்லை, மறுக்கத் தேவையும் இல்லை. தான் உண்மை என்று நம்புவதை அயலவனும் நம்ப வேண்டும் என்று விரும்பாத விசுவாசி எந்த மதத்தில் இருக்கிறான்? கல்முனையிலிருந்து தப்லீக் ஜமாஅத்தில் நாற்பது நாள் புறப்பட்டுப் போகும் வியாபாரி தன் செலவில்தான் போகிறார், தன் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார். தஃவா செய்வதை அவர் ஏமாற்று என்று நினைப்பதில்லை. அயலவன்மேல் வைத்த அக்கறை என்றே நினைக்கிறார். அதே அக்கறையைப் பக்கத்துத் தெரு போதகருக்கு மறுப்பது எந்த நீதி?

குற்றம் விருப்பத்தில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. நீ மாறினால் அரிசி, மாறாவிட்டால் இல்லை என்றால் அது விலை பேசுவது. அதை எந்த மதத்தவன் செய்தாலும் கண்டிக்க வேண்டும். கிறிஸ்தவ நூலே அதை அனுமதிக்கவில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு சுகப்படுத்துகிறார். ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறான். அவனும் யூதன் அல்ல, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் திரும்பியே பார்க்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த சுகம் பறிக்கப்பட்டதாக அந்தக் கதையில் எங்கும் இல்லை. ஏன் வரவில்லை என்ற வருத்தம் இருக்கிறது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் பேச்சு இல்லை.

நடைமுறை விதிகளும் இருக்கின்றன. 1994 இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து வகுத்த அனர்த்த நிவாரண நடத்தைக்கோவை, ஓர் அரசியல் நிலைப்பாட்டையோ மத நிலைப்பாட்டையோ வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முன்னின்ற அமைப்புகளில் கத்தோலிக்கரின் சர்வதேச கரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 ஆம் திகதியிட்டு எழுதிய முதல் சுற்றுமடலின் பொருளே அன்புதான். அன்புப்பணியை மதம் பரப்பும் கருவியாக்கக் கூடாது, அன்பு வேறொரு நோக்கத்துக்காகச் செய்யப்படுவது அல்ல என்று அதில் அவர் திட்டவட்டமாக எழுதினார். 2011 இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டணியும், பல விடயங்களில் ஒத்துவராத இந்த மூன்று தரப்பும், ஒன்றாக வெளியிட்ட ஆவணம் ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்தி ஆசைகாட்டுவதைக் கண்டிக்கிறது. இவையெல்லாம் எழுத்தில் மட்டும் இருக்கின்றன என்று சொல்பவர்கள், எங்கே மீறப்பட்டது என்று பெயர், இடம், நாள் சொல்லிக் குற்றம் சாட்டட்டும். அது நியாயமான வழக்கு. எல்லோருமே அப்படித்தான் என்பதில் வழக்கு இல்லை.

4. கடவுளுக்காகச் செய்தால் அன்பு இல்லையா?

இந்த வாதத்தை முஸ்லிம் ஊர் ஒன்றில் கேட்பதுதான் வியப்பு. ஸகாத்தும் சதக்காவும் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கப்படுகின்றன. பெறுபவனிடம் கைம்மாறோ நன்றியோ எதிர்பாராமல், இறைவனின் பொருத்தத்தை மட்டும் நாடி ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பவர்களைக் குர்ஆன் தன் 76 ஆவது அத்தியாயத்தில் புகழ்கிறது. நோன்பு காலத்தில் சாய்ந்தமருதில் ஒரு விதவையின் வீட்டுக்கு இருட்டோடு இருட்டாக அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போகும் மனிதர், அல்லாஹ்வுக்காகச் செய்ததால் அந்த விதவையை நேசிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? இறைவனுக்காகச் செய்ததால் அந்தக் கொடை தூய்மையானது என்றே ஊர் சொல்லும். கொடுப்பவர் சிஸ்டராக இருந்தால் மட்டும் அதே காரணம் எப்படிக் களங்கமாகிறது?

கிறிஸ்தவப் போதனையிலும் இதற்கு விடை உண்டு. பரலோகத்தில் இடம் வாங்கத்தான் சேவை என்பவர்கள் அந்தச் சமயத்தின் அடிப்படையையே தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நற்செயலைக் கொடுத்து மீட்பை வாங்க முடியாது என்பதில்தான் லூத்தர் ரோமாபுரியோடு முரண்பட்டார். கல்முனைக்கு வந்த மெதடிஸ்தர்களும் அந்த மரபின் பிள்ளைகள். மீட்பு ஏற்கனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவன் அதற்கு மேல் எதைச் சம்பாதிக்க வேலை செய்வான்? முதலில் கடவுள் நேசித்தார், அதனால் மனிதன் நேசிக்கிறான் என்பதே யோவான் நிருபத்தின் வாதம். கூலிக்கு உழைப்பது வேறு, பெற்றதை நினைத்துக் கொடுப்பது வேறு. மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பசித்தவனுக்கு உணவு கொடுத்தவர்களுக்குத் தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது. கிறிஸ்துவுக்கென்று நினைத்துக் கொடுக்கவில்லை. பசித்தவன் என்று கண்டு கொடுத்தார்கள். அதுவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி ஹதீஸ் மரபு வைத்திருக்கும் எச்சரிக்கையையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவனை, உயிருக்குப் பயந்து சொன்னான் என்று கருதி நபித்தோழர் உசாமா கொன்றுவிடுகிறார். அவனுடைய நெஞ்சைத் திறந்தா பார்த்தாய் என்ற பொருளில் நபிகள் நாயகம் அவரைக் கடுமையாகக் கடிந்துகொண்டார்கள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதைக் கற்ற சமூகம், அந்த எண்ணத்தை அறிபவன் இறைவன் மட்டுமே என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறது. பிறருடைய நிய்யத்தை இங்கே தெருவுக்குத் தெரு தீர்ப்பிடுவது எந்த உரிமையில்?

5. நோக்கம் ஒன்றே அளவுகோல் என்றால் கொலைகாரனும் தப்பிவிடுவான்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்களுக்கு நடுவே குண்டை வெடிக்கவைத்தவனும் இறைவனுக்காகச் செய்கிறேன் என்றுதான் நம்பினான். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, அதே கும்பலைச் சேர்ந்தவர்கள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் தங்கள் குழந்தைகளையும் சேர்த்து வெடித்துச் சிதறினார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. புதிதாக வந்து குடியிருந்தவர்கள்மீது சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்குச் சொன்னவர்கள், அவர்கள் வாயில் இருந்த இறைப்பெயரைப் பார்க்கவில்லை. நடத்தையைப் பார்த்தார்கள்.

இதே நீதி திருச்சபைக்கும் பொருந்தும். அன்பினால் செய்தோம் என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. கனடாவில் திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பள்ளிகள் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, தாய்மொழியைப் பேசினால் அடித்து வளர்த்தன. நடத்தியவர்கள் அதையும் நன்மை என்றே அழைத்தார்கள். 2015 இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று பெயரிட்டது. அங்கே பிள்ளைகளுக்கு நடந்தது என்ன என்பதை விசாரித்தார்கள். நடத்தியவர்களின் இதயத்தை யாரும் அளக்கவில்லை. கல்முனையிலும் அப்படியே விசாரிக்கலாம். நல்ல நோக்கம் தீய செயலைக் காப்பாற்றாது என்றால், கற்பனை செய்யப்பட்ட தீய நோக்கம் நல்ல செயலை அழிக்கவும் முடியாது.

6. சந்தேகத்துக்குத் தீனி போடும் கிறிஸ்தவர்கள்.

சேவை ஆள் சேர்க்கும் கருவி என்ற கருத்தின் மிக உறுதியான ஆதரவாளர்கள் சிலர் தேவாலயத்துக்கு உள்ளேயே இருக்கிறார்கள். ஆத்தும அறுவடை இல்லாத சேவை வீண் என்று மேடையில் பேசுபவர்கள் அவர்கள். இத்தனை குடும்பத்துக்கு உதவினோம், இத்தனை பேர் கைதூக்கினார்கள் என்று படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் திரட்டுபவர்கள். வெளியே இருப்பவன் சேவையைக் கருவி என்று சொல்லிக் குற்றம் சாட்டுகிறான். இவர்கள் சேவையைக் கருவி என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அடிப்படைக் கணிப்பு இரண்டு பேருக்கும் ஒன்றே.

இவர்களுக்கு அவர்களுடைய வேதமே எதிர்ச்சாட்சி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், உடைமை முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்தாலும் அன்பு இல்லையானால் அதனால் பயனில்லை என்ற பொருளில் எழுதுகிறார். ஆள் சேர்க்கக் கொடுத்த அரிசி, ஆள் சேர்ந்தாலும் பவுலின் கணக்கில் பூச்சியம். சுனாமியில் இலங்கையில் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், அதில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர்கள். மையித்தை அடக்க இடம் தேடி அலைந்த குடும்பத்தின் கையில் பிரசுரத்தைத் திணித்தவன் கிறிஸ்தவத்துக்குச் செய்த தீங்கை எந்த எதிரியும் செய்யவில்லை. அவனைப் போன்றவர்களைவிட எத்தனையோ மடங்கு பேர் பெயர் சொல்லாமல் பிணம் தூக்கினார்கள், கிணறு இறைத்தார்கள். அவர்களுடைய உழைப்பும் அவனால் சந்தேகத்துக்கு உள்ளானது.

7. இந்தத் தர்க்கம் யார் வீட்டில் போய் நிற்கும்?

கல்முனை வாசகர் மற்ற எல்லாவற்றையும்விட இதை யோசிக்க வேண்டும். சந்தேகம் பேச்சோடு நின்றுவிடுவதில்லை, சட்டமாகிறது. 2003 இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் வந்தபோது, சமயத்தைப் பரப்புவதையும் கல்வி, பராமரிப்பு உதவிகளையும் ஒன்றாகச் செய்வது பலவீனமானவர்களை ஆசைகாட்டி மாற்றுவதற்கு வழிவிடும் என்று கருதி, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சமயத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்றும் சொன்னது. கன்னியர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்று சுட்டிய குழு, அவர்களுடைய உரிமை மீறப்பட்டதாக 2005 இல் முடிவு செய்தது. இடையில் 2004 இல் ஜாதிக ஹெல உறுமயக் கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது.  பரிசு, பொருளுதவி எதையும் ஆசைகாட்டலாகப் பார்க்கும் அந்தச் சட்டமூலம் நிறைவேறியிருந்தால், பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கு வெள்ள நிவாரணம் கொண்டுபோகும் கல்முனைப் பள்ளிவாசல் சம்மேளனமும் தன் அரிசிக்கு உள்நோக்கம் இல்லை என்று நிரூபிக்க வேண்டி வந்திருக்கும்.

கற்பனைக்கும் போக வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சிங்கள வாடிக்கையாளர் ஒருவரின் உணவில் கட்டியாக ஏதோ கிடந்தது. மலட்டு மாத்திரை என்றார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது. கடைக்காரன் சோறு போடுவதற்குப் பின்னால் ஒரு சமூகத்தின் மறைமுகத் திட்டம் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. மறு ஆண்டு மே மாதம் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஷாபி கைதானார். ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று குற்றச்சாட்டு. ஆதாரம் கிடைக்கவில்லை. மகப்பேற்று அறையில் அவர் எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றிய உழைப்பு முழுவதும் ஒரு கற்பனை நோக்கத்தால் நஞ்சாக்கப்பட்டது. 2022 இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, நாடு மருந்துக்குத் தவித்த நேரத்தில், அந்தப் பணத்தை மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார்.

அவன் கொடுப்பதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு அந்தக் கடைக்காரனையும் அந்த வைத்தியரையும் எப்படி எரித்தது என்று பார்த்த சமூகம், அதே பேச்சைத் தன் ஊர்ச் சிஸ்டரைப் பார்த்துப் பேசக் கூடாது.

பேச வேண்டியவை வேறு இருக்கின்றன, அவற்றைத் தாராளமாகப் பேசலாம். உதவி பெறுவோர் பட்டியலைத் திருச்சபை தனியாகத் தயாரிக்கிறதா, பள்ளிவாசல் நிருவாகத்தையும் கோயில் சபையையும் பக்கத்தில் வைத்துத் தயாரிக்கிறதா? பொதி கொடுக்கும் இடத்தில் ஜெபம் உண்டா? வாங்க வருபவர் ஆராதனைக்கு வராவிட்டால் அடுத்த மாதம் பெயர் நீக்கப்படுகிறதா? வந்த பணம் எவ்வளவு, போனது எங்கே என்ற கணக்கு ஊருக்குத் திறந்திருக்கிறதா? பிள்ளையின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா? இந்தக் கேள்விகளைக் கல்முனையின் பாதர்மாரிடமும் போதகர்மாரிடமும் நேரில் கேட்கலாம், பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுத்தும் கேட்கலாம். அதே தாளில் ஸகாத் நிதியத்துக்கும் கோயில் அன்னதான சபைக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.